கடைமடைக்கு ஆறு மணி நேரம்

அந்த மார்ச் மாதம் கந்தப்பனுக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. மலையடிவாரத்து அணையின் பவர் ஹவுஸில் அவர் ஆபரேட்டர். மெஷின் ஓடினால் மின்சாரம் தமிழ்நாட்டுக்கு. அதைச் சுழற்றிவிட்டு விழும் தண்ணீர் எல்லை தாண்டி, கேரளத்து வாய்க்காலில் பாசனத்துக்குப் போகும். மகள் வேணியை அங்கேதான் கட்டிக்கொடுத்திருந்தார். அவளுடைய நேந்திரன் வாழைத் தோட்டம் வாய்க்காலின் கடைமடையில் இருந்தது.

"அப்பா, வாழையெல்லாம் குலை தள்ளுற நேரமுங்க. இலை தொங்கிப்போச்சு. எப்பத்தான் தண்ணி உடுவீங்க?" என்று போனில் கேட்டாள் வேணி.

"தினமும் காலையில ரெண்டு மணி நேரம் உட்டுட்டுத்தானே இருக்கறோம் கண்ணு."

"இங்க ஒரு சொட்டு வரலீங்க."

அவள் பொய் சொல்கிறவள் இல்லை. விடுப்பு நாளில் இரண்டு பஸ் மாறிப் போனார். பதினொரு மணிக்கு வாய்க்காலில் நுரையும் சருகுமாகத் தண்ணீர் வந்தது. அவரும் கரையோடு கூடவே நடந்தார். வெடித்த மண் குடிக்கக் குடிக்கத் தண்ணீர் மெலிந்து, வேணியின் தோட்டத்துக்கு ஒரு கிலோமீட்டர் இருக்கும்போதே நின்றுவிட்டது. அவள் கொடுத்த மோரைக்கூடக் குடிக்காமல் பஸ் ஏறினார்.

மறுநாள் இன்ஜினியர் உமாராணியின் முன்னால் நின்றார்.

"மேடம், மூணு நாளைக்கு ஓட்டுறதை ஒரே நாள்ல, ஆறு மணி நேரமா ஓட்டலாங்களா? அதே தண்ணிதானுங்க, அதே கரண்டுதானுங்க. கடைசி வரைக்கும் போயிருமுங்க."

"பொண்ணு அங்க இருக்கறதால கேக்கறீங்களா?"

"ஆமாங்க. ஆனா அவ ஒருத்தி தோட்டம் மட்டுமில்லீங்க. கடைமடையில நாப்பது ஊடு இருக்குதுங்க."

உமாராணி பேனாவை எடுத்தார். "சென்னைக்கு எழுதறேன். ஒத்துக்குவாங்கன்னு சொல்ல முடியாதுங்க."

நான்கு நாள் பதில் இல்லை. மெஷினுக்கும் போனுக்கும் நடுவே நடந்துகொண்டே இருந்தார்.

"அண்ணா, கொஞ்சம் உக்காருங்க. பாக்கற எனக்கே தலை சுத்துது" என்றான் கூட வேலை பார்க்கும் டெனின்.

மின்சாரத் தேவை குறைவான ஞாயிற்றுக்கிழமைக்கு உத்தரவு வந்தது. அந்த ஒரு முறை மட்டும், ஆறு மணி நேரம். காலை ஆறுக்கு மெஷினை ஓடவிட்டவர் பன்னிரண்டு வரை அதன் பக்கத்தைவிட்டு நகரவில்லை.

மூன்றரைக்கு வேணி அழைத்தாள். பின்னால் ஒரே கூச்சல்.

"வந்திருச்சுங்கப்பா! தோட்டத்துக்குள்ள பாயுது!"

"பொழைக்குமா கண்ணு?"

"பாதி பொழைக்குமுங்க. மீதி காஞ்சே போச்சு."

போனைப் பையில் போட்டவர், ஜீப்பில் ஏறப்போன உமாராணியிடம் அரை ஓட்டமாக ஓடினார்.

"மேடம், அடுத்த ஞாயித்துக்கெழமைக்கு இப்பவே எழுதிருங்க."