எந்த ஊர் கோர்ட்

அப்பாவின் மூக்கிலிருந்த ஆக்ஸிஜன் குழாயை ஒரு பக்கமாக விலக்கிவிட்டு, ஐலா அவருடைய மேலுதட்டை அவசரமாக மழித்தாள். குழாயைத் திரும்ப மாட்டியதும் அவர் கண்ணை மூடி மூச்சைச் சேர்த்துக்கொண்டார்.

"தாடையில விட்டுட்டியா?"

"எல்லாம் வந்துடுச்சுப்பா. ஆடாம இருங்க, கழுத்து பாக்கி."

"கோர்ட்டு ஆளு வருது. பிச்சைக்காரன் மாதிரி கிடக்கக் கூடாது."

புதுச் சட்டையை நேற்றுதான் ஈரி நகரத்தில் வாங்கிவந்திருந்தாள். துணி எடுக்க இந்த ஊரில் எல்லோரும் எல்லை தாண்டிப் பென்சில்வேனியாவுக்குத்தான் போவார்கள். அங்கே துணிக்கு வரி இல்லை. சட்டை இன்னொரு ஆளும் நுழையலாம் போலத் தொளதொளவென்று இருந்தது. வாங்கும்போது அவளுக்கு அவருடைய பழைய உடம்புதான் ஞாபகத்தில் இருந்தது.

அப்பா ஆர்வோ நீமி வேலை பார்த்தது எல்லாம் ஒஹாயோவில், இதே ஏரிக்கரை ஊரின் ரயில் பட்டறையில். நுரையீரலைத் தின்ற கல்நார்த் தூசியும் இங்கேதான் உள்ளே போனது. ஆனால் வழக்கு பென்சில்வேனியாவில். அங்கத்து ஜூரிகள் தொழிலாளிக்கு இரங்குவார்கள் என்று வக்கீல் சபாட்டினி சொல்லியிருந்தார். தங்கள் மாநிலத்தில் தொழில் செய்யப் பதிந்துகொண்ட எந்தக் கம்பெனியும், யார் எதற்காக வழக்குப் போட்டாலும் அங்கே வந்து நிற்க ஒத்துக்கொண்டதாகவே ஆகும் என்பது அந்த மாநிலச் சட்டம். அப்படி ஒரு சட்டம் போட மாநிலத்துக்கு அரசியல் சாசனம் இடம் தரவில்லை என்றது ரயில் கம்பெனி. அன்றிலிருந்து எங்கே விசாரிப்பது என்பதுதான் பேச்சு. என்ன நடந்தது என்று ஆர்வோவை இதுவரை கோர்ட்டு சார்பில் ஒருவரும் கேட்கவில்லை. இங்கேயே புதிதாகப் போடலாம் என்றால் அதற்கான கெடுவும் முடிந்துவிட்டது.

தூசி ஆளைக் கொல்லும் என்று கம்பெனிக்கு அப்போதே தெரியுமா என்பதில்தான் வழக்கே நின்றது. அதைச் சொல்ல உயிரோடு இருப்பவர் அவர் ஒருவர்தான் என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். வீட்டிலும் வாயைத் திறக்க மாட்டார். "ஒரு தடவைதான் சொல்வேன். சத்தியம் பண்ணிட்டுச் சொல்வேன்" என்பார். மனிதர் அவ்வளவு பிடிவாதம்.

அவருடைய சாட்சியத்தைப் பதிவு செய்யக் கோர்ட்டுச் சுருக்கெழுத்துக்காரி ரோவீனா வந்து, விரலால் தட்டி எழுதும் மெஷினைக் கட்டில் பக்கத்தில் விரித்து வைத்தாள். இரண்டு பக்க வக்கீல்களும் திரையில் வரவேண்டும். அதற்குள் ஐலாவின் போன் அடித்தது. சபாட்டினி.

"இன்னைக்கு நடக்காது மேடம். காலைல கம்பெனிக்காரங்க அவசர மனு போட்டுட்டாங்க. அந்தச் சட்டம் செல்லுமான்னு மேல்கோர்ட்டு சொல்ற வரைக்கும் எல்லாத்துக்கும் தடை. சாட்சி எடுக்கறதுக்கும்தான்."

"அப்பா அதுவரைக்கும் தாங்க மாட்டார்."

"அதையும் நீதிபதிகிட்ட சொன்னேன்."

"அவர் சொல்றத நான் போன்ல பதிவு பண்ணி வைக்கட்டுமா?"

"சத்தியம் வாங்கணும், அவங்க குறுக்கு விசாரணை பண்ணணும். அது இல்லாம எடுத்தா சாட்சின்னு ஏத்துக்கவே மாட்டாங்க. என்னை மன்னிச்சுடுங்க."

போனைக் கீழே வைத்தபோது அவளுக்குக் கோபம் வரவேண்டியது. வரவில்லை. கையில் சோப்பு நுரை காய்ந்திருப்பதைத்தான் பார்த்தாள்.

அப்பாவிடம் சொன்னாள். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"அப்ப எங்கதான் கேப்பானுங்களாம்?"

"அதான் இன்னும் தெரியலப்பா."

"நான் செத்தா, எந்த மாநிலத்துல செத்தேன்னு அதுக்கும் ஒரு மனு போடுவானுங்க." சிரிக்கப் போய் இருமினார். ஐலா முதுகைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள்.

ரோவீனா மெஷினை மடித்துப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். "நான் கிளம்பறேன் ஐயா."

"உக்காரும்மா. இது ஃபின்லாந்துக்காரன் வீடு. காபி குடிக்காம யாரும் எந்திரிச்சுப் போனதில்ல. ஐலா, ஏலக்காய் ரொட்டியும் எடுத்துட்டு வா."

ரோவீனா தயங்கினாள். ஆனால் அந்த ஊர்ப் பெண்தான் அவளும். எந்த வீட்டில் மறுக்கலாம், எந்த வீட்டில் கூடாது என்று தெரியும். உட்கார்ந்தாள்.

"சத்தியம் வாங்கறது நீதானே?"

"வக்கீலுங்க இல்லாம, தடையும் இருக்கும்போது வாங்கினா என் வேலை போயிடும் ஐயா."

"வாங்காத. எழுதாத. சும்மா கேளு. கேக்கறதுக்குமா தடை போட்டிருக்கான்?"

ஐலா காபியும் ரொட்டியும் கொண்டுவந்து வைத்தாள். ரோவீனா ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையை ஜன்னல் கட்டையில் வைத்தாள். ஐலாவை ஒரு தரம் பார்த்தாள்.

"பட்டறையில என்ன வேலை பாத்தீங்க?"

ஆர்வோ சத்தியம் செய்வதுபோல வலது கையைச் சற்றே உயர்த்தினார். யாரும் கேட்காமலே. அப்புறம் பேச ஆரம்பித்தார். எஞ்சின் குழாய்களைச் சுற்றியிருந்த வெள்ளை உறையைக் கத்தியால் உரித்தது. காற்றுக் குழாயை வைத்து பிரேக் தூசியை ஊதியது. மதிய இடைவேளையில் உரித்த உறையையே உருட்டிப் பனி உருண்டை மாதிரி ஒருவர்மேல் ஒருவர் எறிந்து விளையாடியது. நாலு வார்த்தைக்கு ஒரு மூச்சு.

அப்போதுதான் ஐலா கவனித்தாள். ரோவீனாவின் இரண்டு கைகளும் மடியில் இருந்தன. அவர் பேசப் பேச, அவளுடைய விரல்கள் முழங்கால்மேல் மெல்ல அழுந்தி எழுந்துகொண்டிருந்தன. அவளுக்கே அது தெரிந்ததாகத் தோன்றவில்லை.

"போர்மன்கிட்ட கேட்டேன். இது என்னய்யா தூசி, ராத்திரியெல்லாம் இருமல் வருதுன்னு. 'மேல இருக்கறவங்களுக்கு எல்லாம் தெரியும்டா. நீ வாயத் தொறந்தா பட்டறைய மூடிடுவாங்க. தொடச்சுட்டு வேலையப் பாரு'ன்னான்."

விரல்கள் அதையும் எடுத்துக்கொண்டன.

"நானும் தொடச்சுட்டு வேலையப் பாத்தேன்."

இத்தனை வருடம் இதைத்தான் வைத்துக்கொண்டிருந்தாரா என்று ஐலா நினைத்தாள். அவ்வளவுதானே என்றும் இருந்தது. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். சில்லென்று இருந்தது.

"அத அவன் சொல்லும்போது பக்கத்துல இன்னொருத்தனும் நின்னான். அவன் இப்பவும் இருக்கான். அவன் பேரு..."

உதடு அசைந்தது. ஆக்ஸிஜன் மெஷின் ஒரே சீராக இரைந்தது. அடுத்த மூச்சு வரவில்லை. அவருடைய கை ஐலாவின் கைக்குள் கனத்தது.

ரோவீனா முன்னால் குனிந்தாள்.

"பேரு சரியா கேக்கல ஐயா. இன்னொரு தடவை சொல்லுங்க."

ஐலா எட்டி ஆக்ஸிஜன் மெஷினை நிறுத்தினாள். ரோவீனாவின் விரல்கள் முழங்காலுக்கு மேல் லேசாக உயர்ந்து, அப்படியே நின்றிருந்தன.