அழித்த ஆறு வரிகள்

கடல்நீர் இரண்டு மணிக்கே ஊருக்குள் புகுந்துவிட்டது. செயலியோ மூன்று மணி என்று சொல்லியிருந்தது. தம்பக் லோரோக் மீனவர் குடியிருப்பில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் சுமியெம் அலுவலகத்துக்கே போன் போட்டுக் கத்தினாள்: "உங்கள நம்பி அரிசி மூட்டையத் தரையிலயே விட்டுட்டேன்! எல்லாம் உப்புத்தண்ணில ஊறிப்போச்சு!"

போனை எடுத்தவள் ராத்ரி. ஜாவா தீவின் செமாராங் கரையோரத்துக்கான அந்த எச்சரிக்கைச் செயலியை எழுதியவள். ஆனால் கடல் ஓதம் ஏறும் நேரத்தையும் உயரத்தையும் கணக்கிடும் பகுதி அவளுடையதல்ல. கடல் தாண்டி வேறொரு தீவில், மக்காசாரில் இருக்கும் தென்ரி என்பவள் இணையத்தில் பொதுவில் வைத்திருந்த கணினி நிரல் அது. யாரும் எடுத்துக்கொள்ளலாம், பெயரை மட்டும் விட்டுவையுங்கள் என்று கேட்டிருந்தாள். ராத்ரி உச்சியில் அந்தப் பெயரும் குறிப்புகளும் இருந்த ஆறு வரிகளையும் படிக்காமலே அழித்துவிட்டு எடுத்துக்கொண்டாள். அவசரம் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

இப்போது மூல நிரலைத் தேடித் திறந்தாள். நான்காவது வரி: 'இது மக்காசார் நேரம். ஜாவாவில் ஒரு மணி நேரம் குறைத்துக்கொள்ளவும்.'

ஓர் எண்ணை மாற்றினாள். சரியாகிவிட்டது.

"பத்து நிமிஷத்துல கண்டுபிடிச்சிட்டியே, கில்லாடி!" என்றார் மேலாளர் விர்யோ. எல்லோரும் அவரை 'பாக்', அதாவது ஐயா, என்றுதான் கூப்பிடுவார்கள்.

ராத்ரிக்கு முகம் சுட்டது. "பாக், அந்தக் கணக்கு நான் எழுதினதில்ல." எல்லாவற்றையும் சொன்னாள்.

விர்யோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஒரே ஒரு பேரு. அத விட்டுவெக்க என்ன கேடு?"

"மொத்தமும் நான் எழுதினதுன்னு நினைச்சு நீங்க அப்போ பாராட்டினது பிடிச்சிருந்துச்சு, பாக்."

"முதல்ல அந்தப் பொண்ணுக்குப் போன் போடு. என்கிட்ட அப்புறமா திட்டு வாங்கிக்கலாம்."

தென்ரி முழுவதையும் கேட்டுக்கொண்டாள். "படிக்க நேரமில்ல, திருட மட்டும் நேரம் இருந்துச்சாக்கும்?"

"தப்புதான் அக்கா."

"தப்பேதான். சரி, தண்ணி எவ்வளவு ஏறுச்சு?"

"முழங்கால் வரைக்கும்."

"என் கணக்குப்படி கணுக்கால்தானே நனையணும்?"

"இங்க தரையே வருஷா வருஷம் இறங்குதே அக்கா."

"அடியே, அது என் நிரலுக்குத் தெரியாதே!" தென்ரியின் குரலில் கோபம் எங்கோ போயிருந்தது. "எவ்வளவு இறங்குதுன்னு அளந்து அனுப்பு. சேர்ந்தே சரி பண்ணுவோம்."

மறுநாள் காலை, ஆறு வரிகளையும் திரும்பப் போட்டுவிட்டு, அளவு நாடாவோடு சுமியெம் கடைக்குப் போனாள் ராத்ரி. முதலில் மன்னிப்புக் கேட்டாள். சுமியெம் வேண்டிய மட்டும் திட்டினாள். திட்டி முடித்ததும் சுவரில் தண்ணீர் ஏறிப் படிந்திருந்த கறைகளைக் காட்டினாள். "இது மூணு வருஷம் முன்ன. இது போன வருஷம். இது நேத்து."

"நீங்க சொன்னதுன்னு எழுதணும். முழுப் பேரு என்னம்மா?"

"சுமியெம்தான். எங்கப்பா அத்தோட நிறுத்திட்டாரு."

ராத்ரி சிரித்துவிட்டாள். சுமியெம் நாடாவின் மறுமுனையை வாங்கிக்கொண்டு குனிந்தாள். "நல்லா இழுத்துப் புடி, தொங்குது பாரு."