திரைக்கு இந்தப் பக்கம்

2019 அக்டோபர் 8, செவ்வாய்க்கிழமை. கனடாவின் சஸ்காட்செவன் மாகாணம், கோல்வெல் ஊர்ச் சமூகக்கூடத்துக்கு மாதம் ஒருமுறை வரும் பிசியோதெரபிஸ்டைப் பார்க்கப் பதினோரு பேர் பெயர் எழுதியிருந்தார்கள்.

கதவில் ஒட்டிய தாளில் பெயருக்கு எதிரே ‘என்ன தொந்தரவு’ என்று ஒரு கட்டம். ஊரே படிக்கும் தாள். ஏழாவது வரியில் நெட்டி ‘முழங்கால்’ என்று எழுதியிருந்தாள். எழுபத்து நான்கு வயதில் அவள் உடம்பில் ஒரு குறையும் இல்லாத இடம் அதுதான்.

இரண்டு வருடமாகத் தும்மினால், சிரித்தால், நாற்காலியைவிட்டு எழுந்தால் சிறுநீர் கசிகிறது. தொண்டை சரியில்லை என்று சொல்லித் தேவாலயப் பாடகர் குழுவிலிருந்து விலகினாள். டாக்டரிடம் சொல்லலாமென்றால் அவன் ஞாயிறு பள்ளியில் அவளிடம் ஜெபம் படித்தவன். இதற்கும் பயிற்சி உண்டு என்று ஒரு பத்திரிகையில் படித்ததிலிருந்து இந்தத் தேதிக்காகக் காத்திருந்தாள். சனிக்கிழமை வினிப்பெக்கில் அக்காவுக்கு எண்பது வயது நிறைகிறது. பஸ்ஸில் ஆறு மணி நேரம். போய்வர ஏதாவது வழி சொல்வார்களா என்று கேட்க வேண்டும்.

கூடத்தின் ஒரு மூலையைத் திரைபோட்டு மறைத்துக் கட்டில் வைத்திருந்தார்கள். திரைக்கு அப்பால் அறுவடை விருந்துக்காகப் பெண்கள் பெரோகி என்னும் உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை மடித்துக்கொண்டிருந்தார்கள். மாவுப்பலகை தட்டும் சத்தம்கூடக் கேட்டது.

பிசியோதெரபிஸ்ட் கிர்ஸ்டன் சின்னப் பெண். முழங்காலை மடக்கி நீட்டிப் பார்த்தாள். “முப்பது வயசுல எனக்கே முழங்கால் இவ்வளவு நல்லா இல்ல. எங்க வலிக்குதுன்னு சொன்னீங்க?”

“என்னடி நெட்டி, டான்ஸ் ஆட வர்றியா?” திரைக்கு வெளியே மாவு மடித்துக்கொண்டிருந்த பெர்னிஸ் கத்தினாள். “மாப்பிள்ளைக்குத்தான் இங்க பஞ்சம்!”

எல்லாரும் சிரித்தார்கள். நெட்டிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தொடைகளை இறுக்கினாள், அதற்குள் கட்டிலில் விரித்த காகிதம் வெதுவெதுப்பாகியிருந்தது. காதுமடல் எரிந்தது.

கிர்ஸ்டன் குனிந்து, குரலைத் தாழ்த்தினாள். “வேற ஏதாவது இருக்கா? மெதுவா சொல்லுங்க, போதும்.”

அந்த நேரம் பார்த்து அப்பால் சிரிப்பு ஓய்ந்திருந்தது. பலகைச் சத்தமும் இல்லை.

“பஸ்ல… ஆறு மணி நேரம் உக்காந்தா?”

“முழங்காலுக்கா? ஒண்ணும் ஆகாது.” கிர்ஸ்டன் சிறிது காத்திருந்தாள்.

“அதான் கேட்டேன்” என்றாள் நெட்டி. மேல்கோட்டை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கினாள். காகிதத்தைத் தானே சுருட்டினாள். “இருக்கட்டும்மா, நானே குப்பையில போட்டுடறேன்.”

முழங்கால் நலம், மறுபடி வரத் தேவையில்லை என்று கிர்ஸ்டன் எழுதினாள். அடுத்த பெயரைக் கூப்பிட்டாள். சனிக்கிழமை நெட்டி வினிப்பெக் போகவில்லை.