எட்டாம் நாள்

"என்னடி எழுதுற?" என்று அம்மா கேட்டதும் சின்னவள் சீட்டைக் கையால் மறைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை மத்தியானம். சபைக் குடியிருப்பின் எல்லா வீடுகளிலும் அந்நேரம் இதே வேலைதான். ஒரே வீட்டில் இருப்பவர்கள் ஒருவரிடம் ஒருவர் கண்ட குற்றத்தை எழுதித் தர வேண்டும். ஆறு மணிக் கூட்டத்தில் சபைப் பெரியவர் வாசிப்பார். வெற்றுச் சீட்டு கொடுத்தால் அதுவே தனிக் குற்றம்.

சுவரோரம் துணி மடித்துக்கொண்டிருந்த மூத்தவள் அந்தச் சீட்டையே பார்த்தாள். சபையின் தையற்கூடத்துக்கு நூல் வாங்கப் போன இடத்தில், சபைக்கு வெளியாளான தையல்கடைக் கண்ணாடிக்காரம்மாவிடம் அவள் நின்று பேசியதைக் கூட வந்த சின்னவள் பார்த்திருந்தாள். பேசியது என்னவோ இரண்டே வார்த்தை. "வேலை இருக்கா?" "எப்ப வேணா வா."

"கோவிச்சுக்காதக்கா. எழுதலேன்னா எனக்குத்தானே பாவம்?"

பதினோரு வயதுக் குரல். எப்படிக் கோபித்துக்கொள்வது? அதே வயதில், "பெரியவர் உபவாசம் இருந்தும் தொப்பை மட்டும் கரையலியே" என்று அப்பா சிரித்ததை எழுதிக் கொடுத்தவள் மூத்தவள்தான். அப்பாவுக்கு நாற்பது நாள் மௌனத் தண்டனை. பெற்ற பிள்ளைகூட முகம் கொடுத்துப் பேசக் கூடாது. இருபத்து மூன்றாம் நாள் அவர் கேட்டைத் திறந்துகொண்டு போய்விட்டார். அடுத்த வாரமே, அவர் செத்துப்போனதாகப் பெரியவர் மேடையில் அறிவித்தார். பிணத்தை யாரும் பார்க்கவில்லை. சபையை விட்டுப் போனவர் ஏழு நாள் தாண்ட மாட்டார் என்பது அங்கே பேச்சு வரும் முன்பே பிள்ளைகளுக்கு ஊட்டப்படும் பாடம்.

பதினாறு வயதில் மூத்தவளும் அந்த நாற்பது நாளை அனுபவித்தாள். கடைசியில் தையல் மெஷினோடு பேச ஆரம்பித்திருந்தாள். இன்னொரு முறை என்றால் புத்தி பிசகிவிடும்.

மாற்றுத் துணி இரண்டைப் பையில் திணித்துக்கொண்டு எழுந்தாள். வாசலில் அம்மா.

"எங்க?"

"வெளில."

அம்மாவின் முகம் வெளுத்தது. "ஏழே நாள்டி. உங்கப்பா..."

"தெரியும்மா."

"இப்படி ஒருத்திய நான் பெக்கவே இல்லன்னு மேடையேறிச் சொல்லச் சொல்லுவாங்க."

"சொல்லிடு. சொல்லிட்டு வந்து வயித்துக்குச் சாப்பிடு."

அம்மா வழிவிடவில்லை, மறிக்கவும் இல்லை. ஒருக்களித்துப் போக இடம் இருந்தது. போனாள்.

கண்ணாடிக்காரம்மா கடையின் பின்னறையைக் கொடுத்தாள். மூத்தவள் நாட்களை எண்ணினாள். ரோட்டைக் கடக்கவில்லை. ஃபேனுக்கு நேர்கீழே படுக்கவில்லை. ஒவ்வொரு கவளத்தையும் கூழாகும்வரை மென்றாள்.

"என்னம்மா, பேயறஞ்ச மாதிரி இருக்க?"

தயங்கித் தயங்கிச் சொன்னாள். கண்ணாடிக்காரம்மா கேலி பண்ணவில்லை. "நான் அம்பத்தெட்டு வருஷமா வெளிலதான் இருக்கேன். என் ஏழு நாள் எப்ப முடியுதுன்னு கேட்டுச் சொல்லேன்."

மூத்தவள் சிரித்துவிட்டாள். உடனே, சிரித்ததற்கும் சேர்த்துப் பயந்தாள். ஏழாம் நாள் முழுக்க ஊசியைக்கூடத் தொடவில்லை.

ஞாயிறு விடிந்தது. வெட்டிப்போட்ட காலர் துண்டுகள் மேல் வெயில் விழுந்தது. மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். துடித்தது. அப்போதுதான் மனதில் உறைத்தது. அப்பாவுக்கும் இப்படி ஒரு எட்டாம் நாள் விடிந்திருக்கும். எங்கேயோ எழுந்து முகம் கழுவியிருப்பார். இங்கே இவள் பதினோரு வருஷமாக, ஒரு சீட்டால் அப்பாவைக் கொன்றவளாக உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்தாள்.

சின்னவளும் அந்தச் சனிக்கிழமை ஒரு சீட்டு எழுதியிருக்கிறாள்.

செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

ஞாயிறு ஆராதனை முடிந்து சபைக் கேட்டிலிருந்து கூட்டம் வெளியே வந்தது. மூத்தவள் நடைபாதை நடுவில் நின்றாள். பார்த்தவர்கள் பேயைக் கண்டதுபோல் ஒதுங்கித் தலையைக் குனிந்துகொண்டார்கள். கேட்டுக் காவலாள் அவளை நோக்கி வேகமாக வந்தான். அவள் நகரவில்லை.

அழுது வீங்கிய முகத்தோடு அம்மா வந்தாள். கையைப் பிடித்திருந்த சின்னவள் சட்டென்று நின்றாள்.

"அம்மா! அக்கா செத்துப் போயிட்டான்னு இப்பத்தானே பெரியவர் சொன்னாரு?"

தெருவே கேட்டது. அம்மா தலை நிமிரவில்லை. சின்னவளின் கையை மட்டும் விட்டாள்.

"ஆமா, சொன்னாரு," என்றாள். "உன் கண்ணால நல்லாப் பாத்துக்கோ."