மஞ்சள் கட்டம்

2015ஆம் ஆண்டு ஜூன் மாதம் பதினான்காம் நாள், ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டேகால் மணிக்கு, விழுப்புரத்திலிருந்து கரும்பச்சை நிறக் கார் ஒன்று புறப்பட்டது. திண்டிவனத்தைத் தாண்டி, மரக்காணம் சாலையில் உள்ள ஒரு கிராமத்துக் கோயிலில் பத்து மணிக்கு ஞானஸ்நானம். வண்டி 2008ஆம் ஆண்டில் செய்யப்பட்டது. ஓட்டியவர் அமலதாஸ், வயது ஐம்பத்து நான்கு. அதை நாற்பது நாள்களுக்கு முன்பு புதுச்சேரியில் ஒரு தரகரிடம் வாங்கியிருந்தார். பக்கத்தில் அமர்ந்திருந்தவர் அவருடைய அக்கா ரோஸ்லின், வயது அறுபத்தொன்று. நில அளவைத் துறையில் முப்பத்து மூன்று ஆண்டுகள் வரைவாளராக இருந்து ஓய்வு பெற்றவர்.

ரோஸ்லினின் மடியில் வண்டியின் கையேடு கிடந்தது. ஏழு ஆண்டுகளாக அதை ஒருவரும் பிரித்துப் படித்ததாகத் தெரியவில்லை, தாள்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. வண்டியின் நடுவிலிருந்த திரையில் அமலதாஸ் பாட்டு மட்டும் கேட்டு வந்தார். அது வரைபடம் காட்டும், வழி சொல்லும் என்பதைப் போன வாரம் கண்டுபிடித்தவர் ரோஸ்லின்தான். பழைய வரைபடம், புதிய சாலைகள் அதில் இல்லை. ஆனாலும் இன்று காலை முதல் அந்தப் பெண் குரல் ஆங்கிலத்தில் சொன்ன திருப்பங்கள் எல்லாம் சரியாகவே இருந்தன.

ரோஸ்லினுக்கு வேறொரு குறை. வண்டியின் வெளியே, பின்னால் வருவதைக் காட்டும் வலப்பக்கக் கண்ணாடியின் மூடி பச்சை. இடப்பக்கத்து மூடி கறுப்பு.

"ஒரு கண்ணுக்கு மட்டும் மை இட்டுக்கினு நிக்கிற மாதிரி இருக்குதுடா. மூணு வாட்டி சொல்லிட்டேன், பெயிண்ட் அடின்னு."

"அடிக்கிறேன்க்கா. வண்டி ஓடறது சக்கரத்துல, கண்ணாடியில இல்ல."

திண்டிவனத்தைக் கடந்து மரக்காணம் சாலையில் பத்து கிலோமீட்டர் போனதும், குரல் இடப்பக்கம் திரும்பச் சொன்னது. அங்கே ஒரு மண் பாதை கரும்புத் தோட்டங்களுக்குள் போயிற்று.

"இது இன்னாக்கா பேஜாரு? நேரா போற தார் ரோட்டை உட்டுட்டுக் காட்டுக்குள்ள போவச் சொல்லுது!"

"ஓரமா நிறுத்து."

ரோஸ்லின் வரைபடத்தைப் பெரிதாக்கினார். சாலை ஏரிக்கரையை ஒட்டி வளையும் இடத்தில் ஒரு சிறிய மஞ்சள் கட்டம் தெரிந்தது. கையேட்டைப் புரட்டினார். நூற்றுப் பதினெட்டாம் பக்கத்தில் விடை இருந்தது: வண்டி போகக்கூடாத இடம் என்று ஓட்டுநர் ஒன்றைக் குறித்து வைத்தால், கருவி அதைச் சுற்றியே வழி சொல்லும்.

"யாரோ வேணும்னே போட்டு வச்சிருக்காங்க."

"ரோடு வேலை நடந்திருக்கும்."

"ரோடு வேலைக்கு இவ்வளவு நெருக்கி யார் வரையறான்? வளைவு ஆரம்பிக்கிற எடத்துல ஒரு கோடு, முடியற எடத்துல ஒரு கோடு. ஒரு அடி கூடவும் இல்ல, குறையவும் இல்ல."

வாழ்நாளெல்லாம் எல்லைக் கோடுகளைப் பார்த்தவர் அவர். காரணமில்லாமல் எவனும் ஒரு கோட்டை அவ்வளவு கவனமாக இழுக்கமாட்டான் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் மணி ஒன்பதரையைத் தாண்டிவிட்டது. பூசைக்குப் பிந்திப் போவது அவர் பழக்கம் அன்று.

"நேராப் போ" என்றார்.

திரையிலிருந்த அம்பு மஞ்சள் கட்டத்துக்குள் நுழைந்தது. திரும்பிப் போகுமாறு குரல் சொன்னது. மறுபடியும் சொன்னது. அமலதாஸ் சிரிக்க முயன்றார், சிரிப்பு வரவில்லை.

வளைவின் நடுவில், புளியமரத்தடியில், கருவாட்டுக் கூடையோடு ஒருத்தி குந்தியிருந்தாள். வாங்க நின்ற ஆளை அவள் பார்க்கவில்லை, சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கார் நெருங்கியதும் எழுந்தாள். கையிலிருந்த தராசு தரையில் விழுந்தது. நடுச்சாலைக்கு வந்து, கையைக்கூட உயர்த்தாமல், அப்படியே நின்றாள். அமலதாஸ் மிதித்த மிதியில் வண்டி அவளுக்கு நான்கு முழம் முன்னால் நின்றது.

அவள் ஓட்டுநரிடம் வரவில்லை. இடப்பக்கமாக வந்து, கறுப்பு மூடியின்மேல் உள்ளங்கையை வைத்தாள். பிறகு கூடைக்குத் திரும்பி, சாக்குக்கு அடியிலிருந்து துணிப் பொட்டலமொன்றை எடுத்து வந்து பிரித்தாள். உள்ளே ஒரு கண்ணாடி மூடி. கரும்பச்சை.

ரோஸ்லின் இறங்கினார். கறுப்பு மூடியை விரலால் நெம்பினார். கடையில் வாங்கிப் பசை வைத்து ஒட்டியது, உடனே கழன்று வந்தது. அதற்கடியில் ஒடிந்துபோன ஒரு கொக்கியின் மிச்சம் இருந்தது. பச்சை மூடியை வாங்கி அதில் பொருத்தினார். உடைந்த விளிம்பும் உடைந்த விளிம்பும் மயிரிழை பிசகாமல் சேர்ந்தன.

"உன் பேரென்னம்மா?"

"கிளியம்மா. மரக்காணத்தாண்ட குப்பம்." அவள் குரல் உயரவில்லை. "ரெண்டு வருசம் ஆவப்போவுது. எங்க ஊட்டுக்காரரு முத்து, மொபெட்ல கருவாடு எடுத்துக்கினு வந்தாரு. இங்கதான் எவனோ அடிச்சுச் சாகடிச்சிட்டுப் பூட்டான். ரத்தத்துக்குப் பக்கத்துல இது கெடந்துச்சி. பச்சை வண்டின்னேன். ஊர்ல எத்தினி பச்சை வண்டி இருக்குதுன்னாங்க. அதான் இங்கியே குந்திக்கினு வர்ற வண்டியெல்லாம் பாக்கறேன்."

"இந்த வண்டி மறுபடி வந்துச்சா?"

"போன வருசம் ஒருநாளு இந்தக் கறுப்பு மூடியோட வந்துச்சி. என்னையும், கையில இருந்த மூடியையும் பாத்தான். நம்பரப் பாக்கறதுக்குள்ள திருப்பிக்கினு பூட்டான். அப்பறம் வரவே இல்ல."

ரோஸ்லினுக்கு இப்போது கட்டத்தின் அளவு விளங்கியது. சாலையின் எந்தப் பகுதி இவள் கண்ணில் படுமோ, அந்தப் பகுதியை மட்டும் அவன் அடைத்திருக்கிறான்.

வயல் பக்கமிருந்து ஆறேழு ஆண்கள் வந்து சேர்ந்தார்கள். ஒருவர் கையில் மண்வெட்டி இருந்தது. "சாவியக் குடு சாரு" என்றார், மிக அமைதியாக. அமலதாஸ் கொடுத்தார். திரை மட்டும் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

"அன்னிக்கு ஓட்டிக்கினு வந்தவன் இவரா, கிளி?" என்று ஒருவர் கேட்டார்.

கிளியம்மாள் அமலதாஸை நெடுநேரம் பார்த்தாள். "மூஞ்சி நெனப்பில்ல. வண்டியத்தான் பாத்தேன்."

அமலதாஸின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ரோஸ்லின் கதவருகே குனிந்தபோது அவர் கிசுகிசுத்தார்: "அக்கா, அந்தக் கட்டத்த நான்தான் போட்டேன்னு இவங்க சொன்னா இன்னா பண்றது? அழிச்சிட்றேன். வாங்கின வண்டி, ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிப்போம்."

அவர் விரல் திரையைத் தொட்டிருந்தது. அழிக்கட்டுமா என்று திரை கேட்டது.

ரோஸ்லின் திரையைப் பார்த்தார். உடைந்த மூடி வண்டியைத்தான் காட்டும். அடித்தவன் தெரிந்தே ஒளிந்தான் என்பதை அந்தக் கட்டம்தான் காட்டும். அதே கட்டம் தம்பியின் கழுத்தையும் சுற்றக்கூடும். வண்டியைத் தம்பி பெயருக்கு மாற்றும் தாள் இன்னும் அலுவலகத்தில் கிடக்கிறது. தரகரின் சீட்டு ஒன்றே தம்பிக்குத் துணை. மூன்று முறை சொன்னபடி தம்பி பெயிண்ட் அடித்திருந்தால் கிளியம்மாள் இன்றைக்கும் இந்த வண்டியை அடையாளம் கண்டிருக்கமாட்டாள். அந்த நினைப்புத்தான் ரோஸ்லினை முடிவெடுக்க வைத்தது.

"கையை எடு, தாசு."

"அக்கா, நான் உன் தம்பிக்கா!"

"அதனாலதான் சொல்றேன். எடு."

அவர் எடுத்தார்.

இறுதியில் முடிவானது இது. வண்டி அன்று பிற்பகல் காவல் நிலையத்தில் ஒப்படைக்கப்பட்டது. மஞ்சள் கட்டம் அழிக்கப்படாமல், காவலர் முன்னிலையில் படம் பிடிக்கப்பட்டது. பச்சை மூடியைக் கிளியம்மாள் தன் கையால் கொடுத்து, ரசீது பெற்றுக்கொண்டாள். மே ஐந்தாம் தேதியிட்ட தரகரின் சீட்டையும், பழைய உரிமையாளரின் பெயரையும் அமலதாஸ் கொடுத்தார். அழைக்கும்போதெல்லாம் வருவதாக எழுதிக் கையொப்பமிட்டார். சாட்சியாக ரோஸ்லின் கையொப்பமிட்டார். ஞானஸ்நானத்துக்கு இருவரும் போகவில்லை. மாலையில் திண்டிவனத்தில் பேருந்து ஏறி, தனித்தனி இருக்கைகளில் அமர்ந்து, விழுப்புரம் திரும்பினார்கள்.