டிரைவர், வயது ஐம்பத்தெட்டு

முறிந்த வலக்கை முழங்கையிலிருந்து விரல் நுனிவரை விண்விண்ணென்று தெறித்தது. முட்டையும் பச்சிலையும் பூசி, மூங்கில் பத்தை வைத்து இறுக்கிய புத்தூர்க் கட்டு. அசைக்கக்கூடாது என்று சொல்லி அனுப்பியதால் சிட்டிபாபு கட்டுப் போடும் இடத்துக்குப் பக்கத்து லாட்ஜில் மல்லாந்து கிடந்தான். அவன் படிக்கப் படிக்கப் பக்கம் புரட்டுவது பெண்சாதி சுந்தரியின் வேலை.

எங்கோ பனி கொட்டும் நாட்டில் அணு உலை வெடித்தது. அதில் அகப்பட்டவர்கள் வாயால் சொன்னதை எழுதியெடுத்துத் தமிழுக்குக் கொண்டுவந்த புத்தகம் அது. கூட வேலை செய்யும் சலீம் கொடுத்தது. கதிர்வீச்சு என்றால் என்னவென்று சிட்டிபாபுவுக்கு அரைகுறைதான். ஆனால் மண்வெட்டியோடு உலையின் கூரைமேல் ஏறியவனும், கறவை மாட்டை விட்டுப் போனவளும் பேசியது நகரி டீக்கடையில் கேட்பதுபோல் விளங்கியது. அழுது வடியவில்லை. நியாயம் பிளக்கவில்லை. வேலையைச் சொல்வதுபோல் சாவைச் சொன்னார்கள். ஒவ்வொருவர் பேச்சுக்கும் கீழே பெயர், வயது, தொழில். சிட்டிபாபுவுக்கோ வேலை செய்யும் கம்பெனியில் அட்டை நம்பர்தான்.

"மனுசங்கன்னா இவங்கதாண்டி."

"பள்ளிக்கூடத்துல இப்பிடிப் படிச்சிருந்தா கலெக்டரு ஆயிருப்ப. ஆடாதய்யா, கட்டு நவுருது."

அடுத்தவர் பஸ் டிரைவர், வயது ஐம்பத்தெட்டு. மூன்று நாளில் திரும்பிவிடலாம் என்று சொல்லி ஊரையே ஏற்றிப்போனவர். 'திரும்ப முடியாதென்று எனக்குத் தெரியும். தெரிந்தே பொய் சொன்னேன். என் பேரோடு எழுதிக்கொள்ளுங்கள்' என்றிருந்தார்.

இப்படியும் ஒருத்தனுக்குத் தைரியம் வருமா என்று சிட்டிபாபு அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னா, நோவுதா?"

"நாகபூஷணம் அண்ணன் குடிக்கல, சுந்தரி."

பத்து நாளைக்கு முன் கம்பெனி டேங்கில் விஷக் கேஸ் கசிந்தபோது, கூட வேலை செய்த நாகபூஷணம் அவனைப் படிக்கட்டுப் பக்கம் தள்ளிவிட்டு வால்வை மூடத் திரும்பிப் போனார். வரவில்லை. ஓடிய சிட்டிபாபு படியில் உருண்டு கையை முறித்துக்கொண்டான். செத்தவன் குடித்திருந்தானா என்று சூப்பர்வைசர் தெலுங்கில் கேட்டபோது, வேலை போய்விடும் என்று பயந்து ஆமென்று தலையை ஆட்டிவிட்டான். அதையெல்லாம் சொல்லி முடித்து, நாகபூஷணத்தின் பெண்சாதி செல்லியம்மாவுக்கு போன் போட்டுத் தரச் சொன்னான்.

சுந்தரி புத்தகத்தை மூடினாள்.

"அவரு போன்லயா உன்னத் தள்ளிவுட்டாரு? நேருல போய் சொல்லு."

வியாழக்கிழமை கட்டு மாற்றியதும் வரதய்யபாளையம் போவதென்று முடிவானது. அங்கே செல்லியம்மாவைக் குடிகாரன் பெண்சாதி என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு அவன் பட்ட கடன் அப்படியே நின்றது: உன் புருஷன் குடிக்கவில்லை, என்னைக் காப்பாற்றிவிட்டுச் செத்தார் என்கிற பேச்சு.