வீட்டில் யாருக்கும் தெரியாத மொழி

கீதாஞ்சலி அதைத் தமிழில் எழுத இரண்டு வருஷம் முயன்றாள். ‘அப்பா’ என்று எழுதியதுமே கை நின்றுவிடும். ஊரில் வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்கும் ஆசிரமத்துப் பக்கம் ஒரு விடுதியில் வேலை பார்த்துக்கொண்டே, பாண்டிச்சேரிக்குப் போய்ப் பிரெஞ்சு படித்தவள். அந்த மொழியில் எழுத உட்கார்ந்தபோது நான்கே நாளில் கதை முடிந்தது. சொந்த ஊரான வேங்கிக்கால் வீட்டில் யாருக்கும் அது புரியாது என்ற தைரியம்.

2004-இல் பாண்டிச்சேரிப் பத்திரிகை ஒன்று அவள் படத்தோடு அதை வெளியிட்டது. தபாலில் வந்த பிரதியைப் பார்த்து அப்பா அப்பாசாமிக்குத் தலைகால் புரியவில்லை. டீக்கடைகளிலெல்லாம் காட்டினார். அவள் கேட்டும் திருப்பித் தரவில்லை. பிரெஞ்சு தெரிந்த பாண்டிச்சேரிக்காரரான லாட்ஜ் மேனேஜர் சக்கரவர்த்தியிடம் கொண்டுபோய், படித்துச் சொல்லச் சொன்னார்.

சக்கரவர்த்தி முதல் பக்கத்தைத் தமிழில் சத்தமாகச் சொன்னார். இரண்டாம் பக்கத்தில் நிறுத்தி, வேண்டாங்க என்றார். அப்பாசாமி விடவில்லை.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன் வீட்டில் நடந்ததைத்தான் எழுதியிருந்தாள். அக்கா கஸ்தூரி வேறு சாதிப் பையனோடு போனாள். மூன்றாம் நாள் பிடித்து வந்தார்கள். அப்பா மோரில் பூச்சிமருந்தைக் கலந்து, தங்கச்சி கொடுத்தால் குடிப்பாள் என்று பத்து வயது கீதாஞ்சலியிடம் டம்ளரைக் கொடுத்தனுப்பினார். அது என்னவென்று அக்கா விழுந்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. ஊருக்கு வயிற்றுவலி என்று சொல்லி, பொழுது சாய்வதற்குள் எரித்துவிட்டார்கள்.

அப்பாசாமி வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றாமல் நின்றார். அம்மா ராஜம்மாள் அடுப்பை அணைத்தாள்.

“டம்ளரைக் குடுத்தது நீதான். அதையும் எழுதினியா?”

“அதத்தான்பா மொதல்ல எழுதுனேன்.”

அவர் கை ஓங்கவில்லை. “இன்னும் எத்தினி பேரு இதப் படிப்பாங்க?” என்று மட்டும் கேட்டார். செத்தவளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அன்றைக்கே கீதாஞ்சலி துணிமணியை எடுத்துக்கொண்டு பாண்டிச்சேரிக்குக் கிளம்பினாள். ராஜம்மாள் பஸ் ஸ்டாண்ட் வரை கூடவே வந்தாள். பஸ் புறப்படும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “எனக்கு அன்னிக்கே தெரியும். கதவாண்டதான் நின்னுட்டிருந்தேன்” என்றாள். பதில் சொல்வதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது.

நாலு வருஷம் கழித்து அப்பாசாமி செத்த சேதி வந்தது. கீதாஞ்சலி போகவில்லை. காரியம் முடிந்ததும் ராஜம்மாள் ஒரு பையோடு பாண்டிச்சேரிக்கு வந்து சேர்ந்தாள். இப்போது இருவரும் ஒரே அறையில் படுக்கிறார்கள். கஸ்தூரியைப் பற்றி இன்னும் பேசவில்லை.